நிற்கும் வண்டியில் தெரியாதது

நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் பெரிய கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் பலருடைய வீட்டில் மெடிக்கல் செக்-அப் ஃபைல் ஒன்று இருக்கும். அதில் 'எக்கோ நார்மல்' என்று ஒரு தாள் இருந்துவிட்டால் மனதுக்குப் பெரிய தெம்பு. அந்தத் தெம்பில், படியேறும்போது நெஞ்சை அழுத்துவதைக்கூட 'வாயுக் கோளாறு' என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை 1: ஸ்கேன் என்றாலே கதிர்வீச்சு. அடிக்கடி எடுத்தால் ஆகாது.

உண்மை: இதய ஸ்கேனான எக்கோவில் உடம்புக்குள் போவது ஒலி அலை மட்டுமே. வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா, வார்ப்பின் உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று தொழிற்சாலையில் ஒலி அலையை வைத்து யுடி டெஸ்ட் எடுக்கிறார்களே, எக்கோ பிறந்ததே அதிலிருந்துதான். 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் இதய மருத்துவர் இங்கெ எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் இதயத்தை வெளியிலிருந்து பார்க்க வழி தேடினார்கள். மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகக் குறை கண்டுபிடிக்க வைத்திருந்த கருவியை ஹெர்ட்ஸ் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். இதயத்தின் எதிரொலி திரையில் தெரிந்தது. கதிர்வீச்சு உள்ளவை எக்ஸ்ரே, சிடி, ஆஞ்சியோ போன்றவை.

நம்பிக்கை 2: எக்கோ நார்மல் என்றால் அடைப்பு கிடையாது.

உண்மை: படுக்க வைத்து எடுக்கும் சாதாரண எக்கோ இதயத் தசை எப்படிச் சுருங்குகிறது, வால்வுகள் எப்படி மூடித் திறக்கின்றன என்பதைக் காட்டும். ரத்தக்குழாய் பாதிக்குமேல் அடைபட்டிருந்தாலும் ஓய்வு நேரத்துக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும்; தசையும் ஒழுங்காகவே சுருங்கும். ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தில் வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் தருவதில்லை. தடத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். இதயத்துக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. ட்ரெட்மில்லில் நடக்கவைத்தோ, மருந்து கொடுத்து இதயத்தின் வேகத்தைக் கூட்டியோ எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோதான் அது. ரத்தம் போதாத பகுதியின் தசை அப்போது பின்தங்கும்.

நம்பிக்கை 3: இதய ரத்தக்குழாயில் ஓடும் ரத்தத்தை வெளியிலிருந்து அளக்கவே முடியாது.

உண்மை: முடியும். ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் லாரி நம்மைக் கடந்ததும் சத்தம் மாறுகிறதல்லவா? டாப்ளர் விளைவு எனப்படும் அதே மாற்றத்தை வைத்து ரத்தத்தின் வேகத்தைக் கணக்கிடலாம். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் இடது ரத்தக்குழாய் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளது. ஆனாலும் நெஞ்சுச் சுவருக்கு அருகில் இருப்பதால் டாப்ளருக்கு எட்டும். அதில் ரத்தம் முக்கியமாகப் பாய்வது இதயம் தளரும் நேரத்தில். ஓய்வில் ஒருமுறை வேகத்தை அளப்பார்கள். அடினோசின் போன்ற, ரத்தக்குழாயை விரிக்கும் மருந்தைச் செலுத்தி மறுபடி அளப்பார்கள். வேகம் இரண்டு மடங்குகூட உயராவிட்டால், தேவைப்படும்போது கூடுதல் ரத்தம் தரும் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். இந்த அளவு, ரத்தக்குழாய்க்குள் கம்பி செலுத்தி எடுக்கும் அளவோடு ஒத்துப்போவதை ஜப்பானிய மருத்துவர்கள் 1998இல் காட்டினார்கள்.

எல்லைகளும் உண்டு. மற்ற ரத்தக்குழாய்களை இப்படிப் பிடிப்பது கடினம். பழகிய கை வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் இது கிடைக்காது. மருந்து செலுத்துவதால், ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை 4: ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, அப்படியானால் வலி வெறும் மனப்பிரமை.

உண்மை: ஆஞ்சியோ காட்டுவது பெரிய ரத்தக்குழாய்களை. தசைக்குள் பிரியும் நுண்குழாய்கள் சரியாக விரியாமல் போனாலும் நெஞ்சுவலி வரும். பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. பெரிய குழாயில் அடைப்பில்லாமலே டாப்ளர் அளவு குறைந்திருந்தால், சந்தேகம் அந்த நுண்குழாய்கள் பக்கம் திரும்பும். அந்த வலி உண்மையானது. அதற்குச் சிகிச்சையும் உண்டு.

நம்பிக்கை 5: நெஞ்சு வலித்தால் ஷிப்ட் முடிந்ததும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: நெஞ்சில் பாரம், வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தால் ஷிப்ட் முடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் முதல் சோதனை ஈசிஜி. தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மருந்துகள் கிடைக்கின்றன. அங்கே அவற்றைப் பெற்றுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போவது உயிரைக் காக்கும்.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்த ஃபைலை எடுத்துப் பாருங்கள். நடந்தால் மூச்சு வாங்குகிறது, ஏறினால் நெஞ்சு அழுத்துகிறது என்றால், தாளோடு மருத்துவரிடம் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "டாக்டர், இந்த எக்கோ நான் படுத்திருந்தபோது எடுத்தது. எனக்கு வலி வருவது நடக்கும்போது. அதை எப்படிப் பார்ப்பது?"