உங்கள் வீட்டுக்கு ஏற்ற டோஸ்டர் எது?

காலை ஏழரை மணி. எட்டு மணிக்குப் பள்ளிப் பேருந்து வந்துவிடும். வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு இரண்டு ரொட்டித் துண்டுகள். மேசைமேல் இருப்பதோ ஒரு தடவைக்கு இரண்டே துண்டுகளை வாட்டும் டோஸ்டர்.

"நான்கு துண்டு டோஸ்டர் வாங்கியிருந்தால் நேரமும் மிச்சம், மின்சாரமும் மிச்சம்" என்கிறான் அண்ணன். "பெரிதாக வாங்கினால் கரண்டுச் செலவு இரட்டிப்பாகும்" என்கிறார் பாட்டி. யார் சொல்வது சரி? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அதற்கு முன் டோஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

ரொட்டி சிவப்பது எப்படி?

டோஸ்டரின் துளைக்குள் எட்டிப் பார்த்தால் மைக்கா தகட்டின் மேல் சுற்றிய தட்டையான கம்பி தெரியும். அது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் என்னும் உலோகக் கலவை. இதன் மின்தடை எண் செம்பினுடையதைப்போல் சுமார் 60 மடங்கு. ஆகவே மின்சாரம் பாயும்போது கம்பி நன்றாகச் சூடேறிச் செந்தழலாக ஒளிர்கிறது. சாதாரண இரும்புக் கம்பி அந்தச் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து விரைவில் வீணாகிவிடும். நிக்ரோம் கம்பியின் மேல் படியும் குரோமிய ஆக்சைடு அதற்கு ஒரு கவசம்போல் அமைகிறது. இக்கலவைக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகே நீடித்து உழைக்கும் டோஸ்டர்கள் சாத்தியமாயின. வெந்ததும் ரொட்டியைத் தானே மேலே தள்ளும் டோஸ்டருக்கு 1921-இல் சார்லஸ் ஸ்டிரைட் காப்புரிமை பெற்றார்.

சிவந்த கம்பியிலிருந்து வெப்பக் கதிர்கள் ரொட்டியின் மேல் விழுகின்றன. முதலில் மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிறது. ஈரம் இருக்கும்வரை வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. காய்ந்த பிறகு 140 டிகிரி செல்சியசை எட்டும்போது, ரொட்டியிலுள்ள புரதப் பகுதிகளும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் தோன்றுகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிஞரின் பெயரால் இதற்கு மெய்யார் வினை என்று பெயர்.

கணக்குப் போடுவோம்

இரண்டு துண்டு டோஸ்டரின் திறன் 750 வாட், நான்கு துண்டு டோஸ்டரின் திறன் 1500 வாட் என்று கொள்வோம். ஒரு தடவை வாட்ட இரண்டுக்குமே 2 நிமிடம் என்க.

சிறியதில் 10 துண்டுகளை வாட்ட 5 தடவை, அதாவது 10 நிமிடம் ஆகும். செலவாகும் மின்சாரம்: 750 x 10/60 = 125 வாட்-மணி. இது 0.125 யூனிட்.

பெரியதில் 3 தடவை, 6 நிமிடம் போதும். செலவு: 1500 x 6/60 = 150 வாட்-மணி. இது 0.150 யூனிட்.

நேரம் மிச்சம் என்ற அளவில் அண்ணன் வென்றான். மின்சாரத்தில் இருவருமே தோற்றார்கள்! செலவு குறையவும் இல்லை, இரட்டிப்பாகவும் இல்லை. வாட் என்பது மின்சாரம் செலவாகும் வேகம். யூனிட் என்பது செலவான மொத்த அளவு. பெரிய டோஸ்டர் இரு மடங்கு வேகத்தில் செலவழித்தாலும் குறைந்த நேரமே ஓடுகிறது.

அப்படியானால் 0.025 யூனிட் ஏன் கூடியது? மூன்றாவது தடவையில் இரண்டு துளைகள் காலியாகவே சூடேறின. இரு பாதிகளுக்கும் தனித்தனி விசை உள்ள டோஸ்டர் என்றால் இந்த நஷ்டமும் இல்லை. ஆகவே துண்டுகளின் எண்ணிக்கை துளைகளின் எண்ணிக்கையால் மீதியின்றி வகுபடுகிறதா என்று பாருங்கள். தினமும் ஒருவர் இரண்டு துண்டு மட்டும் தின்னும் வீட்டில் நான்கு துண்டு டோஸ்டர் பாதிச் சூட்டை வீணாக்கும்.

சுவரையும் கேளுங்கள்

அண்ணனும் பாட்டியும் கவனிக்காத முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மின்னோட்டம் = திறன் / மின்னழுத்தம். நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். சிறிய டோஸ்டர் 750/230 = 3.3 ஆம்பியர் இழுக்கிறது. பெரியதோ 1500/230 = 6.5 ஆம்பியர் இழுக்கிறது.

விளக்கு, மின்விசிறி இவற்றுக்கான சிறிய பிளக் பாயின்டுகள் பழைய வீடுகளில் 5 ஆம்பியர். புதிய வீடுகளில் 6 ஆம்பியர். இரண்டுமே பெரிய டோஸ்டருக்குப் போதா! குளிர்பெட்டி, வெந்நீர்க் கருவி போன்றவற்றுக்கான 15 அல்லது 16 ஆம்பியர் பாயின்டுதான் அதற்கு வேண்டும்.

மீறினால் என்ன ஆகும்? கம்பியில் ஒரு வினாடியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. தளர்ந்த பிளக்கிலும் மெல்லிய வயரிலும் இந்த வெப்பம் சேர்ந்தால் காப்புறை உருகும், தீப்பிடிக்கவும் கூடும். டோஸ்டர் ரொட்டியை வாட்ட வேண்டுமே தவிர, சுவரை வாட்டக் கூடாது.

எதை வாங்கலாம்?

ஒருவர் முதல் மூவர் வரை உள்ள வீட்டுக்கு இரண்டு துண்டு டோஸ்டர் போதும். நால்வர், ஐவர் உள்ள வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படுகிறார்களா என்று பாருங்கள். ஆம் என்றால், சமையலறையில் பெரிய பாயின்டும் இருந்தால், நான்கு துண்டு டோஸ்டர் வாங்கலாம். பெரிய பாயின்டு இல்லையென்றால் சிறியதே நல்லது. மாதத்துக்கு இரண்டு நாள்தான் ரொட்டி என்றால் தோசைக்கல்லே போதும். அதில் ஒரே தடவையில் நான்கு துண்டுகளை வாட்டலாமே!

எச்சரிக்கை: சிக்கிய ரொட்டியைக் கத்தியாலோ கரண்டியாலோ கிளறாதீர்கள். உள்ளே இருப்பது உறையில்லாக் கம்பி. விசையை அணைத்தாலும் வயரிங் மாறியிருந்தால் கம்பியில் மின்சாரம் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பெரியவர்கள் துணையோடு எடுங்கள்.

செய்து பாருங்கள்

1. வீட்டில் ஒரு வாரம் செலவாகும் ரொட்டித் துண்டுகளை எண்ணி ஒரு நாள் சராசரியைக் காணுங்கள்.

2. நீங்கள் வாங்கும் ரொட்டித் துண்டின் நீளம், அகலம், தடிமனை அளவுகோலால் அளந்து குறியுங்கள். கடையில் டோஸ்டரின் துளையோடு ஒப்பிடுங்கள். துண்டு உரசாமல் இறங்க வேண்டும்.

3. டோஸ்டரின் அடியில் உள்ள சீட்டில் எத்தனை வாட் என்று பார்த்து, 230-ஆல் வகுத்து, உங்கள் பாயின்டு தாங்குமா என்று சொல்லுங்கள்.

கேள்விகள்

அ. 5 ஆம்பியர் பாயின்டில் செருகிய ஒரே நீட்டிப்புப் பலகையில் 750 வாட் டோஸ்டரும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து வேலை செய்யலாமா?

ஆ. மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்தால் 750 வாட் டோஸ்டரின் திறன் எவ்வளவு? கம்பியின் மின்தடை மாறவில்லை எனக் கொள்க.

விடைகள்: அ. கூடாது, மொத்த மின்னோட்டம் 7.6 ஆம்பியர். ஆ. சுமார் 567 வாட். திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். அதனால்தான் மின்னழுத்தம் குறைந்த வேளையில் ரொட்டி சிவக்க அதிக நேரம் ஆகிறது.