சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்

அன்புள்ள யாழினிக்கு,

சிறைக்குள் வாரம் ஒருநாள் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்குப் பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. நிதியுதவி அலுவலகத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் சிவப்புப் பேனாவைத் தொடாதே. வகுப்பு ஒருங்கிணைப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, உன் மாணவர்களைத் தனித்தனியாகக் கேள்: "முன்பு எங்காவது கல்லூரியில் சேர்ந்திருந்தீர்களா? அந்தக் கடன் என்ன ஆயிற்று?"

ஏன் என்று சொல்கிறேன். 1994இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட குற்றச் சட்டம், கைதிகளுக்குப் 'பெல் கிராண்ட்' என்ற கல்லூரிப் படிப்புக்கான அரசு உதவித்தொகையை நிறுத்தியது. சிறைக்குள் நடந்துகொண்டிருந்த கல்லூரி வகுப்புகளில் பெரும்பாலானவை அதோடு படுத்துவிட்டன. 2015இல் ஒபாமா அரசு சோதனை முயற்சி என்று ஒரு சின்ன வாசலைத் திறந்தது. காங்கிரஸ் மனம் மாறித் தடையை நீக்கியது 2020 டிசம்பரில். நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலை 1ஆம் தேதி. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான். ஆனால் பழைய விதி ஒன்று அப்படியே இருக்கிறது: அரசுக் கல்விக்கடன் 'டீஃபால்ட்' ஆனவருக்குப் பெல் கிடையாது. 270 நாள் தவணை கட்டாவிட்டால் டீஃபால்ட்.

பத்தொன்பது வயதில் ஒரு பையன் கல்லூரியில் சேருகிறான், ஒரு செமஸ்டரோடு நின்றுவிடுகிறான், பிறகு கைதாகிறான் என்று வைத்துக்கொள். கடன் நிறுவனத்தின் கடிதங்கள் அவன் அம்மா காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். டீஃபால்ட் ஆனதே அவனுக்குத் தெரியாது. வகுப்பில் சேர ஃபாஃப்சா என்ற உதவித்தொகை விண்ணப்பப் படிவம் போடும்போதுதான் தெரியவரும். சரி, போன் பண்ணிக் கேட்கலாமே என்பாய். பல சிறைகளில் கட்டணமில்லா எண்களுக்குப் பேசவே முடியாது. பேச முடிந்த இடத்திலும் ஒரு அழைப்புக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு. 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' எல்லாம் தாண்டி, காத்திருப்புப் பாட்டு ஓடும்போதே லைன் கட்டாகிவிடும். இணையத்தில் கணக்குத் திறந்து பார் என்பது அங்கே எடுபடாத யோசனை. வட்டி மட்டும் வெளியே ஒழுங்காக வளர்ந்துகொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவர்களையும் சேர்த்துத்தான் 'ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்ற சலுகையை 2022இல் அறிவித்தார்கள். ஒரு அழைப்போ கடிதமோ போதும், டீஃபால்ட் நீங்கும். 2024 அக்டோபர் தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். செய்தி உள்ளே போய்ச் சேருவதற்குள் தேதி முடிந்துபோனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்போதுள்ள வழிகளில் முக்கியமானது 'ரிஹாபிலிடேஷன்'. 10 மாதத்துக்குள் 9 தவணை, காலம் தவறாமல் கட்டினால் டீஃபால்ட் நீங்கும்; இடைவிடாமல் 6 தவணை கட்டியதுமே உதவித்தொகைக்கான தகுதி திரும்பிவிடும். வருமானம் இல்லாதவருக்குத் தவணையை 5 டாலர் வரை குறைத்துக் கேட்கலாம். ஐந்து டாலர்தானே என்று உனக்குத் தோன்றும். மணிக்கு 20 சென்ட் கூலி என்றால் அது 25 மணி நேர வேலை. டெக்ஸாஸில் பெரும்பாலான கைதிகளுக்குக் கூலியே கிடையாது. இந்த விதிகள் அடிக்கடி மாறும், ஆகவே அவர்களுக்காகக் கடிதம் எழுதும் வாரத்தில் கல்வித் துறையின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்.

இன்னொன்று. படித்த கல்லூரியின் பெயரைக் கட்டாயம் கேள். கொரிந்தியன், ஐ.டி.டி. டெக் மாதிரி லாபத்துக்கு நடந்து மூடப்பட்ட கல்லூரிகளில் சிலவற்றின் மாணவர் கடன்களை 2022இல் அரசு கொத்தாக ரத்து செய்தது. கடனே இல்லாதவர் கடனாளி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

உன் மாமா கேட்பார்: "கடன் வாங்கினால் கட்ட வேண்டாமா?" கட்டத்தான் வேண்டும். ஆனால் பெல் கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை. அதை மறுப்பதால் பழைய பாக்கியில் ஒரு காசுகூட வசூலாகாது. ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2013இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிறையில் கல்வி பெற்றவர்கள் மறுபடி குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு 43 விழுக்காடு குறைவு என்றது. படித்து வெளியே வந்து வேலைக்குப் போகிறவனிடம்தானே கடனை வசூலிக்க முடியும்? இந்தச் சின்னக் கணக்கு வாஷிங்டனுக்கு ஏன் புரியவில்லையோ.

நீ வக்கீல் இல்லை, ஆகவே வாக்குறுதி எதுவும் கொடுக்காதே. கடிதம் எழுத உதவு, முகவரியைச் சரிபார், பதில் வந்ததா என்று அடுத்த வாரம் கேள். எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடு. திடீரென்று வேறு சிறைக்கு மாற்றினால் கல்லூரியில் இருக்கும் கோப்பு அவர் கூடப் போகாது.

அன்புடன்,
சித்தி