இரத்தம் கொடுத்தவர் கடலடியில் இறங்கலாமா?

இரத்த தானம் செய்த ஒருவர், அன்று மாலையே காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் 20 மீட்டர் ஆழம் செல்ல விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். கூடாது என்பீர்கள். ஏன்? "இரத்தம் குறைந்துவிட்டது, ஆழத்தில் ஆக்சிஜன் போதாது" என்று உங்களில் பலர் விடை கூறுவீர்கள். முடிவு சரி, காரணம் சரியன்று. கணக்கிட்டுப் பார்ப்போமா?

அவர் உடலில் இருந்த 5 லிட்டர் இரத்தத்தில் 450 மி.லி. கொடுத்தார் எனக் கொள்வோம். இழந்த அளவைத் திசுக்களிலிருந்து ஊறும் நீர் மெல்ல ஈடுசெய்ய, இரத்தம் நீர்த்துப்போகிறது. 100 மி.லி. இரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமந்த ஆக்சிஜன் முன்பு சுமார் 20 மி.லி.; இனி 18.2 மி.லி. இழப்பு 1.8 மி.லி.

சோடாவில் கரியமில வாயு கரைந்திருப்பதுபோல, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலும் சிறிது ஆக்சிஜன் கரைந்திருக்கிறது. தரையில் இது வெறும் 0.3 மி.லி. ஆனால், கரையும் வாயுவின் அளவு அதன் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று வில்லியம் ஹென்றி 1803-இல் காட்டினார். கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடும். 20 மீட்டரில் மொத்தம் 3 வளிமண்டலம். சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் வருகிறது. கரைந்த ஆக்சிஜன் ஏறத்தாழ 1.3 மி.லி. ஆகிறது. (மும்மடங்கு 0.9 தானே என்கிறீர்களா? நுரையீரலிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் ஆழத்தோடு பெருகுவதில்லை. அதனால் ஆக்சிஜனின் பங்கு மும்மடங்கிற்கும் மேலாக உயர்கிறது.) ஆக, இழப்பில் பாதிக்கு மேல் கடலே திருப்பித் தந்துவிட்டது!

ஆம்ஸ்டர்டாமில் பூரேமா என்ற அறுவை மருத்துவர் பன்றிகளின் இரத்தச் செவ்வணுக்களைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, 3 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்தார். அவை உயிரோடிருந்தன. 1960-இல் வெளியான இந்த ஆய்வை மருத்துவ உலகம் வியப்போடு படித்தது.

அப்படியானால் ஆபத்து எங்கே? கொடுத்த இரத்தத்தில் பாதிக்கு மேல் நீர். நீரில் மூழ்கியதும் கால்களிலுள்ள இரத்தம் மார்புக்கு ஏறுகிறது. நீர் மிகுந்துவிட்டது என்று ஏமாறும் உடல், அதைச் சிறுநீராக வெளியேற்றத் தொடங்குகிறது. ஏற்கெனவே குறைந்த இரத்தம் மேலும் குறைகிறது. பிறகு கனத்த சிலிண்டரோடு படகேறி நிமிரும்போது இரத்தம் கால்களுக்கு இறங்க, தலை சுற்றும். ஆழம் தந்த ஆக்சிஜனும் அப்போது துணைக்கு இல்லை. தரையில் மயங்கினால் யாரேனும் தாங்கிப் பிடிப்பார்கள். நீருக்குள் மயங்கினால் வாயிலிருந்து சுவாசக் குழாய் நழுவிவிடும்.

நைட்ரஜனையும் மறக்கலாகாது. ஆழத்தில் திசுக்களில் கரைந்த நைட்ரஜனை, மேலே வரும்போது நுரையீரலுக்குக் கொண்டுசேர்ப்பது இரத்த ஓட்டமே. ஓட்டம் தளர்ந்தால் வாயு தங்கிக் குமிழிகளாகலாம். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை இதனால் நேரக்கூடும்.

நன்றாக நீர் அருந்தினால் பிளாஸ்மா ஓரிரு நாட்களில் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆகவே குறைந்தது ஒரு முழு நாளாவது கடலில் இறங்காதிருப்பது முறை; இரண்டு நாள் பொறுப்பது இன்னும் நன்று. செவ்வணுக்கள் நிரம்பப் பல வாரங்கள் ஆகும். அதனால்தான் நம் நாட்டில் ஆண்கள் மீண்டும் இரத்தம் கொடுக்க 3 மாதமும், பெண்கள் 4 மாதமும் காத்திருக்கிறார்கள்.