மனம் படபடக்கிறதா? சிக்குக் கோலம் போடுங்கள்

ராத்திரி படுத்தால் பகலில் நடந்த சண்டையே தலைக்குள் ஓடுகிறதா? ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

1. செல்போனை அடுத்த அறையில் வையுங்கள். அதில் கோலப் படம் பார்த்துப் போட்டால் ஒப்பிடத்தான் தோன்றும்.

2. வரிசைக்கு 5 வீதம் 5 வரிசை புள்ளி வையுங்கள். பெரிய கோலம் பாதியில் அலுத்துவிடும்.

3. புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைத்து, கோட்டை மெதுவாக இழுங்கள். அடுத்த வளைவு எங்கே என்று கண் தேடத் தொடங்கினால், பழைய பேச்சின் பிடி தளரும். மூச்சை அடக்காதீர்கள், ஒவ்வொரு வளைவிலும் நிதானமாக வெளியே விடுங்கள். இந்தப் படிதான் முக்கியம், அவசரம் வேண்டாம்.

4. கோடு தப்பினால் அழிக்காதீர்கள். யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை.

5. முடித்ததும் ஓரத்தில் மனதில் இருப்பதை ஒரே வரியில் எழுதுங்கள். எழுதியபின் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடியும்.

தூக்கமின்மையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கோலம் மட்டும் போதாது. மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐ அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.