குறுங்கதைச் சவாலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் காக்களூர் சிட்கோவிலும் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே எழுத ஆசைப்படும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். நாவல் எழுத நேரமில்லை, சிறுகதை தொடங்கினால் முடிவதில்லை என்பது அவர்கள் குறை. நட்பு முறையில் இணையத்தில் நடக்கும் குறுங்கதைச் சவால்கள் அவர்களுக்கு நல்ல வாசல். வெள்ளிக்கிழமை ஒரு சொல்லோ படமோ தருவார்கள். ஞாயிறு இரவுக்குள் நூறு முதல் முந்நூறு சொற்களுக்குள் கதையை அனுப்ப வேண்டும். பணப் பரிசு இருக்காது. எல்லோருடைய கதையையும் எல்லோரும் படிப்பார்கள். முதன்முறை கலந்துகொள்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புபவை இவை.

1. சிறியது என்று தாழ்வாக நினைக்காதீர்கள்.

பிரிவினைக் கலவரத்தின் கொடூரத்தை சாதத் ஹசன் மண்ட்டோ 1948இல் 'சியா ஹாஷியே' தொகுப்பில் எழுதினார். அதில் பல கதைகள் சில வரிகளே. 1968இல் நோபல் பரிசு பெற்ற யாசுனாரி கவாபட்டா, உள்ளங்கையில் அடங்கும் கதைகளை வாழ்நாள் முழுக்க எழுதினார். குவாத்தமாலாவின் அகுஸ்தோ மோந்தெரோசோ 1959இல் வெளியிட்ட 'டைனோசர்' ஒரே வாக்கியம்தான். தமிழில் வார இதழ்களின் ஒரு பக்கக் கதைகளைப் படித்தே பலர் வாசகர்களானோம். சுஜாதா 'சிறு சிறுகதைகள்' என்றே ஒரு நூல் தந்தார். எஸ். ராமகிருஷ்ணனின் குறுங்கதைகள் 'கர்னலின் நாற்காலி' என்ற தொகுப்பாக வந்திருக்கின்றன. நீங்கள் கைவைப்பது பெரியவர்கள் உழைத்த வடிவம்.

2. வேலை இருக்கிறது என்பதைத் தடையாகச் சொல்லாதீர்கள்.

சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதினார். விந்தன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறீர்கள். முந்நூறு சொல் கதையின் முதல் வரைவுக்கு அது போதும். ஆனால் இயந்திரத்தின் முன் நிற்கும்போது கதையை நினைக்காதீர்கள். உங்கள் விரல்கள் எந்தக் கதையையும்விடப் பெரியவை.

3. விதிகளை இரண்டு முறை படியுங்கள்.

சொல் வரம்பில் தலைப்பும் சேருமா? ஏற்கெனவே வெளியான கதையை அனுப்பலாமா? கெடு எந்த நாட்டு நேரப்படி? சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே நடத்துபவர் நள்ளிரவு என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அனுப்பினால் எதிர்முனையில் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

4. ஒரே ஒரு மாற்றத்தைப் பிடியுங்கள்.

'டிபன் பாக்ஸ்' என்று தலைப்பு வருகிறது என்று வையுங்கள். செல்வம் எங்கே பிறந்தான், எந்த ஐ.டி.ஐ.யில் படித்தான், கான்ட்ராக்டில் எப்படிச் சேர்ந்தான் என்று தொடங்கினால் இருநூறு சொல் அங்கேயே கரைந்துவிடும். செல்வம் ஏ ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறான். பக்கத்து இருக்கையில் பாபுவின் டிபன் பாக்ஸ் கிடக்கிறது. பாபு பஸ்ஸில் இல்லை. தன் நிறுத்தத்தில் இறங்க வேண்டிய செல்வம் இறங்காமல், டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு பொன்னேரி வரை போகிறான். நடப்பது இவ்வளவுதான். இறங்குபவன் இறங்காமல் இருந்ததே கதை.

5. வாசகருக்கு அவர் பங்கைக் கொடுங்கள்.

என் அறிவுரைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பாபுவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று எழுத வேண்டாம். காலையில் கேட்டில் செக்யூரிட்டி அவனுடைய ஐ.டி. கார்டை வாங்கி மேஜை டிராயரில் போட்டதைச் செல்வம் பார்த்தான் என்று எழுதுங்கள். ஷிப்டுக்குப் போன எவருக்கும் அது புரியும், போகாதவரும் ஊகித்துக்கொள்வார். அந்த ஊகத்தில்தான் வாசகர் கதைக்குள் வருகிறார். செல்வத்தின் வருத்தத்தையும் சொல்லத் தேவையில்லை. டிபன் பாக்ஸ் இன்னும் கனமாக இருந்தது என்ற ஒரு வரி போதும். பாபு சாப்பிடவில்லை என்பதை வாசகரே கண்டுகொள்வார். தானே கண்டுகொண்டதை அவர் மறக்க மாட்டார்.

விட்டுவைப்பது வேறு, ஒளித்துவைப்பது வேறு. கடைசி வரியில் 'எல்லாம் கனவு' என்றோ, இதுவரை பேசியது நாய்க்குட்டி என்றோ முடிப்பது ஒளித்துவைப்பது. வாசகர் ஒருமுறை திடுக்கிடுவார், திரும்பப் படிக்க மாட்டார். கதை தெரிந்த பிறகும் இரண்டாம் முறை படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

6. நம் ஊரை எழுதுங்கள்.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' சில பக்கங்களே உள்ள கதை. அதன் அம்மாளு ஒரு மில் தொழிலாளி. தொழிலாளர் வாழ்க்கைக்கு இடமுண்டு என்று 1930களிலேயே தமிழ்ச் சிறுகதை காட்டிவிட்டது. நம்மிடம் இருப்பதைப் பாருங்கள். கம்பி உருட்டும் ஆலையின் ஃபர்னஸ் வெக்கை, ஒரே அறையில் முறைவைத்துத் தூங்கும் ஒடிசா, பீகார் பிள்ளைகள், ஆரம்பாக்கம் பக்கத்துத் தெலுங்கு கலந்த பேச்சு, கும்மிடிப்பூண்டி முகாமில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பிள்ளைகள், பழவேற்காட்டிலிருந்து வரும் மீன்கூடை. அறியாத நியூயார்க் தெருவை எழுதப் போகாதீர்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கதையில் அடைக்கவும் வேண்டாம். ஒரு கதைக்கு ஒரு நல்ல விவரம், அதுவும் கதைக்கு வேலை செய்கிற விவரம்.

7. பக்கத்தில் நிற்பவரின் துயரத்தைக் காப்பாற்றுங்கள்.

விபத்தில் விரல் இழந்தவர், கடனில் மாட்டியவர், வீட்டுச் சண்டையைத் தேநீர் நேரத்தில் உங்களிடம் சொன்னவர் ஆகியோர் நம்பிச் சொன்னார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், வயது, வேலை, சம்பவம் எல்லாம் மாற வேண்டும். அவரே படித்தாலும் 'இது நான்' என்று கூனிக் குறுகக் கூடாது. அப்படி மாற்ற முடியாத கதையை எழுதாமல் விடுங்கள்.

8. சொல்லெண்ணிக்கையில் நேர்மை வேண்டும்.

தமிழில் சொற்களைச் சேர்த்து எழுத முடியும் என்பதால் வரம்பை ஏமாற்றுவது சுலபம். 'போய்க்கொண்டிருந்தான்' ஒரு சொல்லாகச் சேர்வது முறை. 'அவன்நேற்றுவந்தான்' என்று ஒட்டுவது முறையல்ல. அதிகமாகிவிட்டால் வெட்டுங்கள். 'மிகவும்', 'திடீரென்று', 'அப்போது' ஆகியவை முதலில் போகட்டும். அடுத்து, ஏற்கெனவே காட்டியதை மறுபடி விளக்கும் வாக்கியங்கள். பல கதைகளில் முதல் பத்தியையே எடுத்துவிடலாம்.

9. ஒரு நாள் ஆறவிட்டு, வாய்விட்டுப் படியுங்கள்.

வெள்ளி இரவு எழுதியதை ஞாயிறு காலை படித்தால் பிழை கண்ணில் படும். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். போனில் பேசித் தட்டச்சு செய்பவர்கள் நிறுத்தக்குறிகளையும் ஒற்றெழுத்துகளையும் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். ல, ள, ழ மாறினால் பொருளே மாறும். கதையைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி அனுப்பாதீர்கள். அதில் நீங்கள் கற்பது எதுவுமில்லை.

10. எழுதிய அளவுக்குப் படியுங்கள்.

உங்கள் கதைக்கு எத்தனை பேர் கருத்துச் சொன்னார்கள் என்று எண்ணுவதற்கு முன்னால் ஐந்து பேர் கதையைப் படியுங்கள். 'அருமை', 'சூப்பர்' என்று கைதட்டிவிட்டுப் போக வேண்டாம். எந்த வரியில் நின்றீர்கள், எங்கே புரியாமல் போனது, எதை நீங்களே ஊகித்தீர்கள் என்று சொல்லுங்கள். குறையை அவர் கதையைப் பற்றிச் சொல்லுங்கள், அவரைப் பற்றிச் சொல்லாதீர்கள். முதல்முறை எழுதியவரிடம் நல்லதை முதலில் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் வரும் கதைகளில் பேச்சுவழக்கு புரியாவிட்டால் தயங்காமல் கேளுங்கள். நம் வழக்கை அவர்கள் கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள். பிறர் கதையில் எது மிகை, எது குறை என்று பார்க்கப் பழகிய கண், பிறகு உங்கள் கதையிலும் அதைப் பார்க்கும். ஐந்தாவது அறிவுரையில் சொன்ன அந்த வாசகராக இங்கே நீங்களே இருந்து பழகுகிறீர்கள்.

11. யாரும் கண்டுகொள்ளாவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுங்கள்.

ஒரு கதை கவனிக்கப்படாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் உங்கள் கதையின் தரம் ஒன்றே ஒன்று. எல்லாக் கதைகளையும் தேதி போட்டு ஒரு நோட்டில் வையுங்கள். சில மாதம் கழித்து முதல் கதையை எடுத்துத் திருத்துங்கள். எது மிகை என்று அப்போது உங்களுக்கே தெரியும். அப்படித் தெரிவதுதான் வளர்ச்சி. நன்றாக வந்ததை இதழுக்கு அனுப்புங்கள். இணையத்தில் வெளியானதை அவர்கள் ஏற்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். உடன் வேலை செய்பவர்களில் எழுத ஆசைப்படுபவர் ஒருவராவது இருப்பார். அடுத்த சவாலுக்கு அவரையும் அழைத்து வாருங்கள்.