அந்த எடையை யார் போட்டது?

அன்புள்ள செழியா,

ஆலைக்கு வரும் நிலக்கரியைக் கவனிக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். மகிழ்ச்சி. ரேக், அதாவது வேகன்களின் முழுத் தொடர், வந்து நின்றதும் எல்லோரும் கரியைப் பார்க்க ஓடுவார்கள். நீ முதலில் ஆர்.ஆரை, அதாவது ரயில்வே ரசீதை, வாங்கிப் படி. எத்தனை டன் என்பது இருக்கட்டும், அந்த எடையை யார் போட்டார்கள் என்று பார்.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி, ரயில்வே ரசீதில் உள்ள எடை முதல்நோக்குச் சான்று. அது தவறு என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் முழு வேகனாக, முழு ரேக்காக வரும் சரக்கில், எடையை ரயில்வே ஊழியர் சரிபார்க்கவில்லை என்று ரசீதில் குறித்திருந்தால் கதை தலைகீழ். எடையை நிரூபிக்கும் சுமை அனுப்பியவர், பெறுபவர் பக்கம் வந்துவிடும். அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் குறைவுக்கு இழப்பீடு கேட்டால் வழக்கு நிற்காது.

அடுத்து, வேகனின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படி. ஏற்றக்கூடிய அளவை வெளியே தெரியும்படி எழுத வேண்டும் என்கிறது 72-ஆம் பிரிவு. பாக்ஸ்என் வகை வேகனின் வெற்றெடை 22.47 டன், சுமை 58.81 டன், ஆக மொத்தம் 81.28. நான்கு அச்சுகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 20.32 டன். தண்டவாளமும் பாலமும் தாங்கவேண்டியது இந்த அச்சுச் சுமையைத்தான் என்பதால் சட்டம் இதில் கறாராக இருப்பது சரியே. சில தடங்களில் கூடுதல் சுமைக்கு அனுமதி தந்து அறிவிக்கை வரும். அதையும் கையில் வைத்துக்கொள்.

ஓடும் வண்டியை எடைபோடும் எடைமேடையை ஒருநாள் அருகில் நின்று பார். தண்டவாளத்துக்கு அடியில் எடையை உணரும் லோடுசெல் இருக்கும். வண்டி மெதுவாக, ஒரே சீராகக் கடக்க வேண்டும். நடுவில் பிரேக் பிடித்தால் வேகன்கள் ஒன்றையொன்று தள்ளி இழுத்து அளவு பிசகும். மொத்த எடையில் வெற்றெடையைக் கழித்தால்தான் கரியின் எடை. பெயின்ட்டில் எழுதிய வெற்றெடையையே கழிக்கிறார்கள் என்றால் உஷார்: பழுதுபார்த்தபோது தகடு மாறியிருக்கலாம், மூலையில் பழைய கரி இறுகிக் கிடக்கலாம். எடைமேடையும் 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி சரிபார்த்து முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். சான்றிதழின் தேதியைக் கேட்டுப் பார்க்கத் தயங்காதே.

ரயில்வே சட்டத்தில் 73-ஆம் பிரிவுதான் உன் ஆலைக்கு வலிக்கக்கூடியது. அளவுக்கு மேல் ஏற்றிய வேகனுக்கு அபராதக் கட்டணத்தை அனுப்பியவரிடமோ பெறுபவரிடமோ, சரக்கை ஒப்படைக்கும் முன்பே, ரயில்வே வசூலிக்கலாம். சுரங்கத்தில் யாரோ அள்ளிப் போட்டதற்கு நாம் கட்டுவதா என்று கேட்பாய். ஜக்ஜித் காட்டன் டெக்ஸ்டைல் மில்ஸ் வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டுவிட்டது. எனக்கு இது கடுமையாகவே படுகிறது. ஆகவே கொள்முதல் ஒப்பந்தத்திலேயே, அதிகச் சுமைக்கான அபராதம் விற்பவர் பொறுப்பு என்று எழுதி வாங்கச் சொல்.

எடையில் சந்தேகம் வந்தால் 79-ஆம் பிரிவின்கீழ் மறு எடை கேள். ரயில்வே அனுமதிக்கலாம், மறுக்கலாம். யார்டில் நெரிசல் என்றால் கிடைக்காது. கட்டணமும், நேரம் கடந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணமும் உண்டு. குறைவுக்கு இழப்பீடு கேட்பதானால் 106-ஆம் பிரிவு தரும் கெடு ஆறு மாதம். அது ரேக் உன்னிடம் வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல, சரக்கை ரயில்வேயிடம் ஒப்படைத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

அன்புடன்,
மாமா