இரண்டாவது மிதியில் பிடிக்கும் பிரேக்

வால்பாறைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, பக்கத்துத் தெரு நண்பர் தன் பழைய மாருதி 800-ஐ எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "சார், பெடல் கொஞ்சம் அடியில போகுது. ரெண்டு தடவை மிதிச்சா கிண்ணுன்னு ஆயிடுது. அதை விடுங்க, டயர் காத்து மட்டும் பாத்துக் குடுங்க. காலையில கிளம்பறோம்."

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். போகப் போவது அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். நான் காற்றைப் பார்க்கவில்லை, பின்சக்கரத்தைக் கழற்றினேன். டிரம்மை எடுத்துவிட்டு, இடப்பக்க வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகத் தூக்கியதுமே பிரேக் ஆயில் வழிந்தது. லைனிங் முழுக்க நனைந்திருந்தது. அவர்கள் இரண்டு நாள் கழித்துத்தான் போனார்கள்.

அந்த நண்பர் கவனமான மனிதர். இன்சூரன்ஸ் ஒருநாள் தவறியதில்லை. அவரை ஏமாற்றியது, வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி நிலைத்துப்போன ஒரு நம்பிக்கை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்பிக்கை: "ரெண்டு தடவை பம்ப் பண்ணினா பிடிக்குது, அது போதும்."

போதாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. காலைத் தூக்கி மறுபடி மிதிக்க அரை நொடி ஆனாலும் எட்டு மீட்டர் போய்விடும். குறுக்கே வந்த சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவே அந்த எட்டு மீட்டர் இருக்காது.

பம்ப் செய்தால் ஏன் பிடிக்கிறது என்று புரிந்துகொண்டால் கோளாறு எங்கே என்பதும் பாதி தெரிந்துவிடும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. காலால் மிதிக்கும் அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் அப்படியே போய்ச் சேருவது அதனால்தான். குழாயில் காற்று புகுந்துவிட்டால், மிதி முழுவதும் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகும். அதேபோல் பின்சக்கர பிரேக் ஷூ தேய்ந்து டிரம்மை விட்டு வெகுவாக விலகியிருந்தால், முதல் மிதியில் தள்ளும் ஆயில் அந்த இடைவெளியைக் கடப்பதற்கே சரியாகப் போகும். ஷூ பின்வாங்குவதற்குள் இரண்டாவது மிதி வந்து விழுவதால் பிடித்துவிடுகிறது.

வீட்டு வாசலிலேயே இவற்றைப் பிரித்தறியலாம். எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து தடவை பம்ப் செய்து, கடைசி மிதியை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பெடல் உயர்ந்து கல் மாதிரி நின்றால் பெரும்பாலும் ஷூ அட்ஜஸ்ட்மெண்ட் விலகியிருக்கிறது; தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகையானால் அந்த அமைப்பு துருப்பிடித்து நின்றிருக்கும். உயர்ந்தும் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று. அழுத்தம் மாறாமல் கால் வைத்திருக்க, பெடல் மட்டும் மெல்ல மெல்ல இறங்கினால், ஒன்று எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் உள்ளேயே பின்பக்கம் திரும்புகிறது. இந்தக் கடைசிக் கோளாறில் தரையில் ஒரு சொட்டுகூட விழாது, பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறையாது. "லீக்கே இல்லையே" என்று பலர் ஏமாறும் இடம் இதுதான்.

பல பழைய அம்பாசிடர், பத்மினி வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே சுற்றுதான். ஒரு சக்கரத்தில் ஆயில் போனால் நான்கிலும் பிரேக் போகும். அவற்றை வைத்திருப்பவர்கள் பெடல் ஒரு விரற்கடை இறங்கினாலும் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: "எண்ணெய் எண்ணெய்தானே. அவசரத்துக்கு எதையாவது ஊத்தலாம்."

இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. ஹைட்ராலிக் பிரேக்கின் ஆரம்ப காலத்தில் ஆமணக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்த திரவங்கள் உண்மையிலேயே பயன்பட்டன. "அந்தக் காலத்துல விளக்கெண்ணெய் ஊத்துவாங்க" என்று பெரியவர்கள் சொல்வது வெறும் கதையல்ல. ஆனால் ரப்பர் மாறிவிட்டது. இன்றைய பிரேக் ஆயில் பெயரளவில்தான் ஆயில். உண்மையில் அது கிளைக்கால் வகை ரசாயனம், தண்ணீரில் கரையும். அதற்கென்று தேர்ந்தெடுத்த ரப்பரில்தான் கப்பும் சீலும் செய்கிறார்கள். அந்த ரப்பர் பெட்ரோலியம் பட்டால் ஊதிப் பெருத்து, இளகி, சிலிண்டருக்குள் சிக்கிக்கொள்ளும்.

எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ கைதவறி பிரேக் ஆயில் டப்பாவில் விழுந்துவிட்டால் வண்டியை நகர்த்தாதீர்கள். பெடலையும் மிதிக்காதீர்கள், மிதித்தால் அது இன்னும் உள்ளே போகும். டப்பா மூடிக்கு அடியில் ரப்பர் இருந்தால் எடுத்துப் பாருங்கள். உப்பி, நெளிந்து, மூடிக்குள் திரும்ப உட்காராமல் போனால், மாஸ்டரிலிருந்து வீல் சிலிண்டர்வரை ரப்பர் எல்லாவற்றையும் ஹோஸ் உட்பட மாற்றிக் குழாய்களையும் கழுவ வேண்டும். வேறு வழியில்லை. எஞ்சின் ஆயில் ஊற்றிய அதே புனலைத் துடைத்துவிட்டு பிரேக் ஆயிலுக்கு எடுப்பதும் இந்தத் தவறில்தான் சேரும்.

இதன் தம்பி ஒன்று பட்டறைகளில் வாழ்கிறது: புது ரப்பர் கிட் போடும்போது சிலிண்டரை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுவது. "சுத்தமா கழுவித்தாம்மா போட்டேன்" என்று சொல்லிக் கொடுத்த வண்டி, சில வாரங்களில் பிரேக் ஜாம் ஆகித் திரும்பி வரும். புது பிரேக் ஆயிலாலேயே கழுவச் சொல்லுங்கள், அல்லது அதற்கென்று விற்கும் பிரேக் கிளீனரால். அருகில் நின்று சொல்வதில் தவறில்லை.

நம்பிக்கை: "ஆயில் குறைஞ்சா ஊத்திக்கிட்டே இருந்தா சரி."

டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்தில் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். ஆகவே மாதக்கணக்கில் அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. அது பேட்டைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி. ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் கசிவு. சக்கரத்தின் உட்புறம், ஹோஸ் முனைகள், மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டரோடு மாஸ்டர் சிலிண்டர் சேரும் இடம், பெடல் தண்டு ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். பெயிண்டில் ஆயில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அது பெயிண்டை உரித்துவிடும்.

நனைந்த லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி மறுபடி மாட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொளுத்தினாலும் உள்ளே ஊறியது சூட்டில் வெளியே கசியும். இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுவதே வழி. பழைய லைனிங் தூசியை ஊதவும் கூடாது, காற்றடிக்கவும் கூடாது, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

நம்பிக்கை: "ஆயில் பார்க்கத் தெளிவாத்தான் இருக்கு, மாத்த வேணாம்."

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஹோஸ் ரப்பர் வழியாகவும் மூடி வழியாகவும் வருடம் முழுக்க இது நடக்கிறது, கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். உறிஞ்சிய நீர் நிறத்தில் தெரியாது, கொதிநிலையில்தான் தெரியும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு அளவு 140 டிகிரி. டாட் 4-க்கு 230, 155. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கில் கால் வைத்திருந்தால் சக்கரத்தருகே சூடு இந்த அளவைத் தொட்டுவிடும். ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி காற்றைப்போல் சுருங்கும். பெடல் தரைக்குப் போகும்.

அதைவிடக் கொடுமை, அடிவாரம் வந்து அரை மணி நேரம் ஆறினால் பெடல் பழையபடி நன்றாகிவிடும். மெக்கானிக் மிதித்துப் பார்த்து "ஒண்ணுமில்ல சார்" என்பார். அடுத்த இறக்கத்தில் மறுபடி அதே கதை. இறக்கத்தில் பெடல் கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் அது வேறு, லைனிங் சூடேறி வழுக்குகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்குவது. நம் லாரி ஓட்டுநர்களின் இந்தப் பழைய விதி முழு உண்மை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை அணைத்து உருட்டுவதும் கூடவே கூடாது. பூஸ்டருக்கு எஞ்சின்தான் வெற்றிடம் தருகிறது. அணைந்தால் ஒன்றிரண்டு மிதிக்குமேல் பெடல் இறுகிப்போகும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுங்கள். மூடியில் எழுதியிருக்கும் வகையையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, அதைச் சாதாரண டாட் 3, 4-உடன் கலக்கக் கூடாது. திறந்து பல மாதமான பாதி டப்பா வேண்டாம்.

நம்பிக்கை: "வண்டி இடது பக்கம் இழுக்குது, இடது பிரேக்தான் கோளாறு."

பெரும்பாலும் நேர்மாறு. இடது பிடிக்கிறது, வலது பிடிக்கவில்லை, அதனால் இடப்பக்கம் இழுக்கிறது. முதலில் டயர் காற்று, பிறகு வலப்பக்கக் காலிபர்.

காலை எடுத்த பின்னும் ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டு சூடானால், அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆறிய பின், காற்றை வெளியேற்றும் திருகான ஏர் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் சுற்றினால், உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது; வெளியே புதிதாகத் தெரியும் ஹோஸ்கூட உட்புறம் வீங்கி அடைத்திருக்கலாம். திறந்தும் சுற்றவில்லை என்றால் பிஸ்டனோ ஷூவோ துருவில் சிக்கியிருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

நம்பிக்கை: "ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்கணும்."

குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் இந்த வேலையில், பழைய மாஸ்டர் சிலிண்டரை இப்படித்தான் நாமே கொல்கிறோம். தினமும் பிஸ்டன் நகரும் தூரம் மட்டும் வழவழப்பாக இருக்கும்; அதற்கப்பால் துருவும் படிவும். தரைவரை தள்ளும்போது ரப்பர் கப் அந்தத் துருவில் உரசிக் கிழியும். ஏர் எடுக்கப் போன வண்டி மாஸ்டர் கிட்டுக்கு வந்து நிற்கும். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்து, நிதானமாக மிதிக்கச் சொல்லுங்கள். நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயிலுள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். மிதித்ததும் திறந்து, காலை எடுக்கும் முன் மூட வேண்டும். பொதுவாக மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவார்கள், சில கார்களுக்கு வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள். டப்பா காலியாக விடாதீர்கள். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

வேலை முடிந்ததும் வீட்டு வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடியுங்கள். இறங்கக் கூடாது. பிறகு ஆளில்லாத இடத்தில் நடைவேகத்தில் நாலு தடவை நிறுத்திப் பாருங்கள், ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து. முதல் மிதியிலேயே நிற்கவில்லை என்றால் சாவியை எடுத்துவிட்டு, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அந்த வண்டியைப் பட்டறைவரைகூட ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.